டெக்சாஸில் ஒரு மணி நேரம், நியூஜெர்சியில் நான்கு மாதம்: ஒரு கைத்துப்பாக்கி விண்ணப்பம்

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் 2023 கோடையில் டெக்சாஸிலிருந்து நியூஜெர்சிக்குக் குடிமாறியபோது நடந்ததை இங்கே எழுதுகிறேன். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர், ஊர் எதுவும் வராது. நான் வழக்கறிஞர் இல்லை. நியூஜெர்சியில் பல வருடமாக இருப்பவன், இந்த மாநிலத்தில் துப்பாக்கி அனுமதி வாங்கும் நடைமுறையை ஒருமுறை நானே கடந்து வந்தவன், அவ்வளவுதான். நம் ஆட்கள் பலர் வேலை நிமித்தம் மாநிலம் விட்டு மாநிலம் போகிறார்கள், அதில் சிலர் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, ஆனால் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதில்லை. பேசாததால்தான் இந்தக் குடும்பம் கிட்டத்தட்ட ஒரு பெரிய சிக்கலுக்குள் போய் விழப் பார்த்தது.

பின்னணி

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே மனைவியின் தம்பி. கணவன் மனைவி இருவருக்கும் கிரீன் கார்டு உண்டு. தம்பி எச்-1பி விசாவில் வேலை பார்த்துக்கொண்டு அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தார். டாலஸ் பக்கம் ஒரு புறநகரில் சொந்த வீடு.

2021 தொடக்கத்தில் அவர்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு இந்தியக் குடும்பத்தின் வீடு பட்டப்பகலில் உடைக்கப்பட்டது. இந்தியர் வீடென்றால் தங்கம் இருக்கும் என்று குறிவைத்துத் திருடுவது அமெரிக்காவில் பல ஊர்களில் நடப்பதுதான். கணவர் அடுத்த சனிக்கிழமையே கடைக்குப் போனார். டிரைவிங் லைசென்ஸ், கிரீன் கார்டு, 4473 என்ற கூட்டாட்சிப் படிவம், எஃப்.பி.ஐ. நடத்தும் நிக்ஸ் பின்னணிச் சோதனை, பணம். ஒரு மணி நேரத்தில் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியோடு வெளியே வந்துவிட்டார். கூடவே 17 தோட்டா பிடிக்கும் மேகசின் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் கூடு) இரண்டு, ஹாலோ பாயின்ட் என்கிற நுனி குழிந்த தோட்டா ஒரு பெட்டி. டெக்சாஸில் வாங்குவதற்கென்று தனி அனுமதி எதுவும் கிடையாது.

பிறகு அந்த மாநிலத்தின் எல்.டி.சி. என்கிற கைத்துப்பாக்கி லைசென்ஸும் எடுத்தார். 40 டாலர் கட்டணம், நான்கிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு, சுட்டுக் காட்டும் தேர்வு, கைரேகை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதான, சட்டத் தடை இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் கொண்டு போகலாம் என்று சட்டம் மாறிவிட்டது, ஆனாலும் அந்த அட்டை பர்ஸில் இருந்தது. அந்த அட்டைதான் பிற்பாடு அவரைத் தவறாக நினைக்க வைத்தது.

அதே வருடம் மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், ஊரில் அவருடைய அப்பா தவறிவிட்டார். போக முடியவில்லை. காரியத்தை வீடியோவில்தான் பார்த்தார். அதற்குப் பிறகு தூக்கமில்லாமல், யாரிடமும் பேசாமல் கிடந்தவரை மனைவி வற்புறுத்தி ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போனார். ஏழு மாதம் போனார், கொஞ்ச நாள் மருந்தும் எடுத்தார், தேறிவிட்டார்.

கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்பு

2023 ஜூலையில் கணவருக்கு நியூஜெர்சியில் வேலை. வீட்டுச் சாமான் லாரியில் வரும், குடும்பம் காரில் வரும், மைத்துனரும் அவரும் மாறி மாறி ஓட்டுவார்கள் என்று திட்டம். பள்ளிக்கூடம் பற்றி விசாரிக்க எனக்குப் போன் செய்தார். பேச்சுவாக்கில், "மூவர்ஸ் துப்பாக்கி எடுக்க மாட்டேங்கிறாங்க அண்ணா, அதனால நான் கார்லயே வெச்சுக் கொண்டு வந்துடறேன்" என்றார். எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன். எப்போதும் வைக்கிற மாதிரி, முன் சீட்டுகளுக்கு நடுவே கன்சோலில், தோட்டா போட்டு. வழியில் ராத்திரி நிற்க வேண்டியிருக்குமே, குழந்தைகள் வேறு இருக்கிறார்கள், பாதுகாப்பு என்றார். "லைசென்ஸ்தான் இருக்கே?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸை வைத்து நியூஜெர்சிக்குள் ஓட்டலாம், கல்யாணச் சான்றிதழ் எல்லா மாநிலத்திலும் செல்லும், இது மட்டும் செல்லாது என்று ஒருவருக்கு எப்படித் தோன்றும்? அதுவும் ஒரு மாநில அரசே கைரேகை எடுத்து, வகுப்பு நடத்தி, படம் போட்டுக் கொடுத்த அட்டை.

அந்தப் பயணத்தில் என்ன ஆகியிருக்கும்

அன்று ராத்திரி உட்கார்ந்து அவர்கள் வரும் பாதையைப் பார்த்தோம். டெக்சாஸிலிருந்து ஆர்கன்சா, டென்னஸி, பிறகு 81ஆம் நெடுஞ்சாலையில் வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, மேரிலாண்ட், பென்சில்வேனியா, கடைசியில் 78இல் திரும்பி நியூஜெர்சி. டென்னஸி, மேற்கு வர்ஜீனியா எல்லாம் லைசென்ஸே கேட்காத மாநிலங்கள். இப்போது அப்படி 29 மாநிலங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த நெடுஞ்சாலை மேரிலாண்டை வெறும் 12 மைல் தூரம் தொட்டுக்கொண்டு போகிறது, அந்த 12 மைலில் டெக்சாஸ் அட்டை செல்லாது. மேரிலாண்ட் வேறு எந்த மாநிலத்தின் லைசென்ஸையும் ஏற்பதில்லை. நியூஜெர்சியும் அப்படித்தான்.

நியூஜெர்சியில் உரிய அனுமதி இல்லாமல் கைத்துப்பாக்கியைக் காரில் வைத்திருப்பது இரண்டாம் நிலைக் குற்றம். ஐந்திலிருந்து பத்து வருடம் வரை சிறை, துப்பாக்கிக் குற்றத்துக்குக் கட்டாயச் சிறை விதிக்கும் கிரேவ்ஸ் சட்டப்படி குறைந்தது 42 மாதம் பரோல் கிடையாது. 2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளின் தாய், பென்சில்வேனியா லைசென்ஸோடு பாலத்தைத் தாண்டி நியூஜெர்சிக்குள் வந்தார். போலீஸ் காரை நிறுத்தியபோது அவரே முன்வந்து "துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது" என்று சொன்னார். கைதானார். வழக்கு பெரிய செய்தியாகி, முதல்முறை மாட்டும் வெளிமாநிலத்தவரிடம் தளர்வு காட்டலாம் என்று 2014இல் அரசு வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டுதல் வந்தது, 2015இல் ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அதுவரை அந்தப் பெண் பட்ட பாட்டை யார் திருப்பித் தருவார்கள். அவராவது குடிமகள். நம் நண்பரிடம் இருப்பது கிரீன் கார்டு. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்ற கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டம் நேரடியாகவே வழி வைத்திருக்கிறது.

மேகசினும் பிரச்சினைதான். நியூஜெர்சியில் 2018 சட்டப்படி பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின் வைத்திருந்தாலே குற்றம், துப்பாக்கி சட்டப்படியானதாக இருந்தாலும். ஹாலோ பாயின்ட் தோட்டாவை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எங்கே எப்படிக் கொண்டு போகலாம் என்பதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு.

சரி, தோட்டாவைக் கழற்றிப் பெட்டியில் பூட்டி டிக்கியில் வைத்துக் கொண்டு வந்தால்? அதற்கு வழி இருக்கிறது. 1986ஆம் வருடக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கவும் கொண்டு செல்லவும் உரிமை உள்ளவர் அதைத் தோட்டா எடுத்த நிலையில், கைக்கெட்டாதபடி கொண்டு போனால் நடுவில் வரும் மாநிலங்களில் பாதுகாப்புத் தருகிறது. டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டி வேண்டும், கிளவ் பாக்ஸும் கன்சோலும் பெட்டியாகாது. நியூஜெர்சி சட்டமும் குடிமாறும்போது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அப்படி எடுத்துப் போக விடுகிறது. ஆனால் நடுவில் தங்குவது ஆபத்து. 2005இல் யூட்டாவிலிருந்து வந்த ஒருவர் நியூஜெர்சியின் நூவர்க் விமான நிலையத்தில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, துப்பாக்கி இருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு ஹோட்டலில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் கைது. பெட்டி கைக்கு வந்துவிட்டதால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மைத்துனர் விஷயம்

இவ்வளவையும் பேசி முடித்த பிறகுதான் நான் கேட்டேன், காரை யார் யார் ஓட்டப் போகிறீர்கள் என்று. அதுவரை எங்கள் இருவருக்குமே இது தோன்றவில்லை, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாநிலம் எதுவானாலும் சரி, டெக்சாஸ் ஆனாலும் சரி. விதிவிலக்குகள் சில உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது அதில் முக்கியமானது. இங்கே 'வைத்திருப்பது' என்பது சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை, கட்டுப்பாட்டில் இருந்தாலே போதும். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுடுவதும் அதற்குள் வரும். புளோரிடாவில் மாணவர் விசா நிலையை இழந்த ஒருவர் ரேஞ்சில் சுட்டதற்காக வழக்கில் மாட்டி, அது உச்ச நீதிமன்றம் வரை போய், தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என 2019இல் தீர்ப்பானது.

மைத்துனர் மாமாவோடு இரண்டு முறை ரேஞ்சுக்குப் போயிருக்கிறார். படம் எடுத்து முகநூலில் போட்டிருக்கிறார். நம் பையன்கள் எத்தனை பேர் இப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள், யாருக்கும் இது குற்றமாகலாம் என்றே தெரியாது. அவர்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசினார்கள். அவர் சொன்ன ஆலோசனை அவர்களுக்கானது, அதை இங்கே எழுதவில்லை. அன்றிலிருந்து மைத்துனர் துப்பாக்கியைத் தொடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழி இருந்தது. பூட்டிக் கொண்டு வந்து, 2022 ஜூலையில் வந்த நியூஜெர்சி சட்டப்படி குடியேறிய 60 நாளுக்குள் விண்ணப்பித்துப் பதிவு செய்வது ஒன்று. டெக்சாஸில் நண்பர் வீட்டில் விட்டு வருவது இன்னொன்று. அங்கேயே விற்றுவிட்டு இங்கே வந்து முதலிலிருந்து தொடங்குவது மூன்றாவது.

நண்பர் வீட்டில் விடும் யோசனை உடனே அடிபட்டது, கேட்ட இரண்டு பேருமே எச்-1பி. முதல் வழி சட்டப்படி சரிதான், நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் எச்-1பி மைத்துனர் ஓட்டும் காரில், வழியில் இரண்டு ராத்திரி ஹோட்டலில் நின்று, அத்தனை மாநில எல்லை தாண்டி அந்தப் பெட்டியைக் கொண்டு வரும்போது, எல்லாம் சரியாகச் செய்தாலும் சாலையில் ஒரு போலீஸ்காரரிடம் அதை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று மனைவி கேட்டார். "துப்பாக்கி போனா வேற வாங்கலாம், என் தம்பி விசா போனா என்ன பண்றது?" என்றார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. வாங்கிய கடையிலேயே பாதி விலைக்கும் கீழே விற்றார், மேகசினும் அதோடு போனது. கணவருக்கு வருத்தம்தான். ஊரில் அவர் தாத்தாவிடம் கலெக்டர் உரிமத்தோடு ஒற்றைக்குழல் இருந்ததாம், ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் தாத்தா முகம் வாடி வருவார் என்று அன்று சொன்னார்.

நியூஜெர்சியில் விண்ணப்பம்

நியூஜெர்சியில் துப்பாக்கி வாங்கவே அனுமதி வேண்டும். அதில் ஒன்று எஃப்.ஐ.டி. கார்டு என்கிற அடையாள அட்டை. நீளத் துப்பாக்கிக்கு அது போதும், கைத்துப்பாக்கி என்றால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக வாங்கும் பெர்மிட் எடுக்க வேண்டும், முப்பது நாளில் ஒன்றுதான் வாங்கலாம். உடன் கொண்டு போகும் பெர்மிட் இவற்றுக்கெல்லாம் மேலே, அது வேறு. பலர் இந்த மூன்றையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள். 2022 டிசம்பர் சட்டத்துக்குப் பிறகு கார்டுக்கு 50 டாலர், வாங்கும் பெர்மிட்டுக்கு 25 டாலர். அதற்கு முன் 5 டாலரும் 2 டாலருமாக இருந்தது.

ஆகஸ்டில் நியூஜெர்சி டிரைவிங் லைசென்ஸ் எடுத்தார். செப்டம்பர் முதல் வாரம் மாநிலப் போலீஸின் இணைய முறையில் கார்டுக்கும் ஒரு பெர்மிட்டுக்கும் சேர்த்து விண்ணப்பித்தார். அந்தந்த நகரப் போலீஸ்தான் விசாரித்து முடிவு செய்யும், அதற்கான குறியீட்டு எண்ணை நகரப் போலீஸிடம் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

முதல் சறுக்கல் பெயரில். இது நம் ஆட்களுக்கே உரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது, டெக்சாஸ் ஆவணங்களிலும் அப்படித்தான், ஆனால் நியூஜெர்சி லைசென்ஸ் எடுத்தபோது கவுண்டரில் முன்பின் மாறி அச்சாகிவிட்டது, அவர் கவனிக்கவில்லை. விண்ணப்பத்தில் ஒரு மாதிரி, லைசென்ஸில் ஒரு மாதிரி, கைரேகைச் சீட்டில் லைசென்ஸில் உள்ள மாதிரி. லைசென்ஸைத் திருத்தி, கைரேகை மறுபடி கொடுத்து, இதிலேயே மூன்று வாரம் போனது. கவுண்டரை விட்டு நகரும் முன் அட்டையில் பெயரை ஒரு தடவை எழுத்து எழுத்தாகப் பார்த்திருந்தால் அந்த மூன்று வாரமும் மிச்சம்.

அந்த ஒரு கேள்வி

விண்ணப்பத்தில் மனநலம் பற்றிய கேள்வி இருக்கிறது. மருத்துவமனையில் சேர்த்தார்களா என்பதோடு நிற்காமல், எந்த மனநலச் சிக்கலுக்காவது எந்த மருத்துவராவது, வெளிநோயாளியாகக்கூட, பார்த்ததுண்டா என்கிற அளவுக்கு அகலமான கேள்வி. டெக்சாஸில் நிரப்பிய கூட்டாட்சிப் படிவம் கேட்பது இவ்வளவு இல்லை, நீதிமன்றம் மனநலக் குறைபாடு என்று தீர்ப்பளித்ததா, கட்டாயமாக மருத்துவமனையில் வைக்கப்பட்டாரா என்பது மட்டும்தான்.

இந்த இடத்தில் அவர் நான்கு நாள் நின்றார். அலுவலக நண்பர் ஒருவர், "இல்லைன்னு போடு, டெக்சாஸ்ல ஒரு கவுன்சிலர்கிட்ட போனது இங்க யாருக்குத் தெரியப் போகுது" என்றார். இன்னொருவர், ஆமாம் என்று எழுதினால் அதோடு முடிந்தது, பிற்பாடு குடியுரிமைக்கும் இடைஞ்சலாகும் என்று பயமுறுத்தினார். என்னிடம் கேட்டார். நான் சொன்னது இதுதான்: விண்ணப்பத்தில் பொய் எழுதுவது நியூஜெர்சியில் மூன்றாம் நிலைக் குற்றம். சிகிச்சை எடுத்தது குற்றம் இல்லை, அதற்காகத் தானாக நிராகரிக்கவும் முடியாது, விளக்கம் கேட்பார்கள், கொடுக்கலாம். மனநலப் பதிவுகளைத் தேட ஒப்புதல் தரும் படிவத்தில் எப்படியும் கையெழுத்துப் போடத்தான் போகிறார். குடியுரிமைக்கு இடைஞ்சல் வருமென்றால் அது ஆலோசகரிடம் போனதால் வராது, அரசுப் படிவத்தில் பொய் சொன்னதால்தான் வரும்.

இதில் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா செத்து அழக்கூட ஊருக்குப் போக முடியாத ஒருவர் உதவி தேடிப் போனதை ஒளிக்க வேண்டிய விஷயமாக நம் கூட்டம் பார்க்கிறது. இந்தப் பேச்சைக் கேட்டு நாளைக்கு இன்னொருவர் உதவியே தேடாமல் இருந்துவிட்டால் அது துப்பாக்கி அனுமதியைவிட ஆயிரம் மடங்கு பெரிய இழப்பு.

அவர் ஆமாம் என்று எழுதினார். ஏன் போனார், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, இப்போது எப்படி இருக்கிறார் என்று நான்கு வரியில் விளக்கம். டெக்சாஸ் ஆலோசகரிடமும் மருந்து எழுதிய மருத்துவரிடமும் கடிதம் கேட்டு மின்னஞ்சல் போட்டார். ஆலோசகர் இரண்டு நாளில் அனுப்பினார். மருத்துவரின் கடிதம் வர ஐந்து வாரம் ஆனது.

காத்திருந்த நாட்கள்

சட்டப்படி மாநிலவாசிக்கு 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நடைமுறையில் பல ஊர்களில் அதைத் தாண்டும், இதிலும் தாண்டியது.

இரண்டு பேரைப் பரிந்துரையாளராகக் கொடுக்க வேண்டும். புது ஊர், யாரைக் கொடுப்பது? என்னையும், முன்பு டெக்சாஸில் ஒன்றாக வேலை பார்த்த ஒருவரையும் கொடுத்தார். அந்த நண்பருக்கு மாநிலப் போலீஸ் பெயரில் மின்னஞ்சல் போனதும் பயந்துபோய்ப் பதிலே சொல்லவில்லை, தன் கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது எதற்கு வம்பு என்று. அதை அவர் வெளியே சொல்லவும் இல்லை. ஒரு மாதம் கழித்து நகரப் போலீஸ் துப்பறிவாளர் கூப்பிட்டு, ஒருவர் பதில் இன்னும் வரவில்லை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. வேறு ஒருவரை மாற்றிக் கொடுத்தார்கள். எனக்கு வந்த மின்னஞ்சல்கூட ஸ்பாமில்தான் கிடந்தது, அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தேடி எடுத்தேன்.

அந்தத் துப்பறிவாளர் மரியாதையாகத்தான் பேசினார். ஆலோசனை பற்றி மூன்று கேள்வி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே வைப்பீர்கள், அவ்வளவுதான். மைத்துனர் எச்-1பி என்பதை இவர் தானே சொன்னார். மைத்துனருக்கு எண் தெரியாத பெட்டகத்தில் வைப்பதாகத் திட்டம் என்றும் சொன்னார்.

நவம்பர் கடைசியில் மருத்துவரின் கடிதம் போய்ச் சேர்ந்தது. டிசம்பர் இரண்டாம் வாரம் கார்டும் பெர்மிட்டும் ஒப்புதலாகி வந்தன. நிராகரித்திருந்தால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் விசாரணை கேட்கலாம், அதற்கும் மனதைத் தயார் செய்து வைத்திருந்தார், தேவைப்படவில்லை.

இதே சமயத்தில் மனைவியின் சித்தப்பா மகன் நியூயார்க்கிலிருந்து கூப்பிட்டு, தனக்கும் இதே மாதிரிதானே என்று கேட்டார். இல்லை. நியூயார்க்கில் வீட்டுக்குள் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். மாநிலத்தின் வேறு மாவட்டத்தில் வாங்கிய லைசென்ஸ் நியூயார்க் நகருக்குள் தனி ஒப்புதல் இல்லாமல் செல்லாது. 2022 ஜூன் 23இல் உச்ச நீதிமன்றம் அந்த மாநிலத்தின் 'தக்க காரணம் காட்டு' என்ற நிபந்தனையை ரத்து செய்தது, நியூஜெர்சியும் தன் பங்குக்கு அதே மாதிரி நிபந்தனையைக் கைவிட்டது. ஆனால் செப்டம்பர் முதல் நியூயார்க் உடன் கொண்டு போகும் லைசென்ஸுக்கு 18 மணி நேரப் பயிற்சி வைத்துவிட்டது. டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா, அங்கே வாங்கும் பெர்மிட்டே கிடையாது. அங்கே போய் வாங்கி வந்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது, வாழும் மாநிலத்துக்கு வெளியே கடையில் கைத்துப்பாக்கி கைமாற 1968ஆம் வருடக் கூட்டாட்சிச் சட்டம் விடாது.

கடையிலும் பிறகும்

பெர்மிட் 90 நாள் செல்லும், கேட்டால் இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம். ஜனவரியில் கடைக்குப் போனார். மறுபடி 4473 படிவம், மறுபடி பின்னணிச் சோதனை. இந்த முறை 'தாமதம்' என்று வந்தது. பழைய பெயர்க் குழப்பமாக இருக்கலாம் என்பது என் ஊகம். கூட்டாட்சிச் சட்டத்தில் மூன்று வேலை நாள் கழிந்தால் கடைக்காரர் கொடுக்கலாம் என்று இருக்கிறது, ஆனால் நியூஜெர்சியில் மாநிலப் போலீஸின் பதில் வராமல் கொடுக்க மாட்டார்கள். ஐந்தாம் நாள் பதில் வந்தது. பத்துத் தோட்டா மேகசினோடு வாங்கினார்.

தோட்டா போடாத துப்பாக்கியை மூடிய பெட்டியில், டிக்கியில் வைத்து நேராக வீடு. வழியில் இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் நின்று கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்லியிருந்தார் மனைவி. அவர் வீட்டுக்குப் போய் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, பிறகு தனியாகக் கடைக்குப் போய் வந்தார். நியாயமான சின்ன விலகலைச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் எது நியாயம் என்று ஒரு போலீஸ்காரரிடம் வாதாட அவர் விரும்பவில்லை.

உடன் கொண்டு போகும் பெர்மிட்டுக்கு அவர் விண்ணப்பிக்கவில்லை. 200 டாலர், நான்கு பரிந்துரையாளர், பயிற்சி, சுட்டுக் காட்டும் தேர்வு என்பதெல்லாம் காரணம் இல்லை. வீட்டுக்காக வாங்கியது, வீட்டில் இருந்தால் போதும் என்றார்.

மறுபடி செய்வதானால்

அவரிடமே கேட்டேன். பெயரை முதலில் சரிபார்ப்பேன், பரிந்துரையாளர்களிடம் நேரில் பேசி, இன்ன இடத்திலிருந்து மின்னஞ்சல் வரும், இதனால் உங்களுக்கு எதுவும் ஆகாது என்று சொல்லிவிட்டுத்தான் பெயர் கொடுப்பேன், மருத்துவர் கடிதத்தை டெக்சாஸை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வேன் என்றார். விற்றதில் போன பணம் பற்றிக் கேட்டதற்கு, அது பரவாயில்லை என்றார்.

நான் மாற்றிக்கொள்வது ஒன்று உண்டு. வீட்டில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள், அவர்கள் என்ன விசா என்பதை நான் கடைசியில் கேட்டேன். இப்போது யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி அதுதான்.

மைத்துனர் இன்னும் அவர்களோடுதான் இருக்கிறார். பெட்டகம் மாடியில் அவர்கள் அறை அலமாரிக்குள், தரையோடு போல்ட் போட்டு இறுக்கி வைத்தது. எண் கணவன் மனைவி இருவருக்கு மட்டும் தெரியும்.